மூன்றாம் சரணத்தில் நான்கு நொடி

மறைந்த ஒரு பாடகியின் வாழ்க்கையைச் சொல்லும் படம் விருதின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஒலிக்கூடமே துள்ளியது. ஒருத்தி மட்டும் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அவளைக் கூடத்தில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். நடிகர்கள் பேசியதையும் பாடியதையும் வெட்டி ஒட்டிச் சீராக்கித் தருவது அவள் வேலை. இருபது வருடத்தில் அவள் வெட்டிய இடத்தை எந்தக் காதும் கண்டுபிடித்ததில்லை. அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது.

நடந்தது இதுதான். படத்தின் கடைசிப் பாட்டில் மூன்றாம் சரணம், மூச்சை இழுத்து ஒரே வீச்சில் உச்சிக்குப் போக வேண்டிய வரி. பாடகியாக நடித்த பெண் பதினோரு முறை பாடினாள். பதினோரு முறையும் குரல் பாதி வழியில் வழுக்கியது. "எப்படியாவது சரி பண்ணிடும்மா. எப்படின்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத" என்று இயக்குநர் கைகழுவிவிட்டுப் போனார். இறந்துபோன பாடகியின் பழைய கச்சேரி ஒலிநாடாவிலிருந்து நான்கே நொடியை எடுத்துக் கத்திரி அங்கே வைத்துத் தைத்தாள். படத்தில் அதைக் கேட்ட அந்தப் பெண், "அக்கா, எனக்கு வந்துடுச்சு பாத்தீங்களா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கத்திரிக்கு வாய் திறக்க மனசு வரவில்லை. பிறகு விருதுக்கான படிவம் வந்தது. 'எல்லாப் பாடல்களும் நடிகையின் சொந்தக் குரல்' என்ற வரிக்குக் கீழே ஒலிப் பொறுப்பாளரான அவள் கையெழுத்து வேண்டும். அதையும் போட்டாள்.

அதோடு போயிருந்தால் தேவலை. சொந்தக் குரல் என்கிறீர்களே, அந்த நடிகை வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து எங்கள் எதிரில் அந்தக் கடைசிப் பாட்டைப் பாடிக் காட்டட்டும் என்று நடுவர்கள் சொல்லியனுப்பினார்கள். அன்று ராத்திரி கத்திரி எல்லாவற்றையும் வீட்டில் சொன்னாள்.

"நாலு செகண்டுக்கா இந்தப் பாடு?" என்றான் கணவன். "முழுப் பூசணிக்காயையே சோத்துல மறைக்கிறாங்க. நீ மறைச்சது அதோட விதை."

"அந்தப் பொண்ணு நம்பிப் போய் நிப்பாளே. அந்த இடத்துல குரல் உடைஞ்சா என்ன ஆகும்?"

"ஒடையட்டும். அதுக்கு நீ என்ன பண்ணுவ? சும்மா இரு."

சும்மா இருக்கத்தான் முடியவில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வேலையில் ஹெட்போனை மாட்டினால் அந்த நான்கு நொடிதான் காதுக்குள் ஓடியது. அகப்பட்டுக்கொண்டால் இந்தத் தொழிலில் இனி எவன் கதவைத் திறப்பான்? அதைவிட, எல்லோர் முன்னாலும் அந்தச் சின்னப் பெண் விக்கி நிற்கும் முகம்.

வெள்ளிக்கிழமை, பாடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, நடுவர்கள் சொன்ன அரங்கில் ஒப்பனை அறைக் கதவைத் தட்டினாள். அந்தப் பெண் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா! நீங்க வந்ததே தெம்பா இருக்கு."

கத்திரி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். "மூணாவது சரணம், மேல போற இடம்... படத்துல அது உன் குரல் இல்லம்மா. அவங்களோடது. நான்தான் வச்சேன். அங்க வந்ததும் கீழயே பாடி முடிச்சுடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அந்தப் பெண் வெந்நீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்போ அது நான் இல்லையா?"

"நாலே செகண்டு."

"தினமும் காலையில அதைக் கேட்டுத்தான்க்கா சாதகம் பண்றேன். ஒரு தடவை வந்தது மறுபடியும் வராமலா போயிடும்னு..." அவள் கைப்பேசியை எடுத்து அழுத்தினாள். "இன்னிக்குக் காலையில எங்கம்மாவுக்குப் பாடி அனுப்பினேன்."

மூன்றாம் சரணம். கைப்பேசியில் குரல் மூச்சை இழுத்தது, ஏறியது, உச்சியில் போய் நின்றது. வழுக்கவே இல்லை. கத்திரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நாடா இல்லை, ஒட்டு இல்லை. சாட்சாத் இந்தப் பெண்ணின் குரல்.

கத்திரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, பாவி, என்ன காரியம் செய்தேன்!

"ஏம்மா, இது நீயேதான். உனக்கு வருது! நான் சொன்னதை மறந்துடு. இதே மாதிரி பாடிடு."

"அது என்னோடதுன்னு நெனச்சுப் பாடினேன்க்கா" என்றாள் அவள். கதவுக்கு வெளியே யாரோ அழைத்தார்கள். அவள் எழுந்து போனாள்.

அரங்கில் ஐந்து நடுவர்கள், ஒரு நீள மேசை. பக்கவாத்தியம் கிடையாது. கத்திரி கடைசி நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். பல்லவி நன்றாக வந்தது. இரண்டு சரணமும் தேன். நடுவர்களில் ஒருவர் கண்ணை மூடித் தலையசைத்தார். மூன்றாம் சரணம். மூச்சை இழுத்தாள்.

குரல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றாள். இருபது வருடமாக நொடிகளை வெட்டிப் பிழைத்தவளுக்கு, நான்கு நொடி அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பிறகு அந்தப் பெண் அடுத்த வரியை எடுத்துப் பாடி முடித்தாள்.

"நடுவுல ஒரு வரியை விட்டுட்டீங்களே?" என்றார் தலைமை நடுவர் அம்மாள்.

"அது அவங்களோடதும்மா. எனக்கு வராது."

அம்மாள் முன்னால் இருந்த படிவத்தைக் கையில் எடுத்தார். கீழே இருந்த கையெழுத்தைப் படித்தார். "ஒலிப் பொறுப்பாளர் வந்திருக்காங்களா?"

கத்திரி எழுந்து நின்றாள். மூன்று நாளாக எதற்குப் பயந்தாளோ அது வந்தே விட்டது. இப்போது அந்தப் பயம்கூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"கையெழுத்து என்னோடதுதாம்மா. நாலு செகண்டு பழைய நாடாவுலேர்ந்து எடுத்து வச்சது நான்தான். இவளுக்குத் தெரியாது. ஆனா இவளுக்கு அந்த இடம் வரும்மா. நான் கேட்டேன். இப்பத்தான், என் ரெண்டு காதால கேட்டேன். இன்னொரு தடவை பாடச் சொல்லுங்க, கண்டிப்பா வரும்."

அம்மாள் அவளைப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பிறகு அதை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"இதுலயும் நீங்க இப்படித்தானே உறுதி சொல்லியிருக்கீங்க?" என்றார்.