சந்தியாகம்மாள் வீட்டுச் சலவை

என் தங்கை லூர்துராணியின் மாமியார் சந்தியாகம்மாளுக்குத் தெரியாத நோய் உலகத்தில் கிடையாது. பாலக்கரையில் யாராவது தும்மினால் போதும். அது என்ன வியாதி, யார் வழியாக வந்தது, அந்தக் குடும்பத்தில் இன்னும் எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை என்று கேள்வி.

ஐம்பத்தேழில் அந்த வீட்டில் என் தங்கையைக் கொடுத்தோம். பையன் பிலோமின்ராஜ் ஆபீஸ் குமாஸ்தா, அமைதியானவன் என்றார்கள். அமைதிதான். அம்மா பேசும்போது அவன் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பான். இதைச் சொல்ல ஒரு ஆண்பிள்ளை வேண்டுமா, ஒரு கிளியை வாங்கி வளர்த்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

கல்யாணமாகிச் சில வாரங்களிலேயே லூர்துவுக்குப் பின்கழுத்தில் அரிப்பு வந்தது. பிறகு அந்த இடம் சிவந்து, தடித்து, நீர்க்கொப்புளமாகப் பொரிந்தது. அடுத்து இடுப்பில், வலது பக்கம் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. சந்தியாகம்மாள் அவளை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்து வந்து பார்த்தாள். "பெருவியாதி, குஷ்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

நான் விடுவேனா? உறையூரிலிருந்து ஓடிவந்து அவளைக் கன்டோன்மென்ட்டில் ஒரு இங்கிலீஷ் மருந்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் தடிப்பின் மேல் ஊசியால் குத்தினார். "ஆ!" என்று கத்தினாள் லூர்து.

"உணர்ச்சி நல்லா இருக்கு. பெருவியாதி இல்ல. அலர்ஜி. ஏதோ ஒண்ணு உடம்புக்கு ஒத்துக்கல" என்றார்.

"எது டாக்டர்?"

"அதை நீங்கதாம்மா கண்டுபிடிக்கணும்."

அதை நாங்களே கண்டுபிடிப்பதற்கு அவர் எதற்கு, அவர் கழுத்தில் அந்தக் குழாய் எதற்கு? பூசிக்கொள்ள ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணீர் மருந்தை எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

சரி, நாங்களே கண்டுபிடிக்கலாம் என்று இறங்கினோம். கத்தரிக்காயை நிறுத்தினாள். கருவாட்டை நிறுத்தினாள். பவுடரை நிறுத்தினாள். நைலான் சேலைதான் காரணம் என்று நான் சத்தியமே பண்ணினேன். அதையும் மடித்து வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மருமகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துச் சந்தியாகம்மாள், "டாக்டருக்கு என்ன தெரியும், மீசை கூட சரியா முளைக்கல" என்று தெருவெல்லாம் சொல்லிவந்தாள்.

இதற்குள் லூர்து முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு முசிறியில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தவள், அம்மாவின் பழைய நூல்சேலைகளைக் கட்டிக்கொண்டு, வாழைக்காயும் கத்தரிக்காயும் கருவாடும் வயிறாரச் சாப்பிட்டாள். கழுத்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பையன் பிறந்தான். ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர் வைத்தார்கள். கைப்பிள்ளையோடு பாலக்கரைக்குத் திரும்பிப் போனாள். போன கொஞ்ச நாளிலேயே தடிப்பும் திரும்பி வந்தது.

"மாமியார்தான் அலர்ஜி" என்றேன் நான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

சந்தியாகம்மாள் இந்த முறையும் டாக்டரை நம்பவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய வைத்தியரிடம் அழைத்துப்போனாள். நானும் கூடப் போனேன். அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ரக்தம் துஷ்டமாயிருக்கு. பூர்வஜன்ம கர்மாவை அனுபவிச்சே தீர்க்கணும்னு சாஸ்திரம் சொல்றது. பல்லாதக லேஹ்யம் தரேன். பத்தியமா இருக்கணும். பகவான் கிருபை."

தினமும் மாதா கோயிலில் காலைப் பூசைக்குப் போகிற சந்தியாகம்மாள், அந்தப் பூர்வஜன்மத்துக்குப் பயபக்தியோடு தலையாட்டினாள். பெருவியாதி இல்லை என்று வைத்தியரே சொல்லவில்லை, அப்படியானால் அதுதான் என்று முடிவுகட்டிக்கொண்டாள். அன்றைக்கே பிள்ளையைத் தாயிடமிருந்து பிடுங்கிவிட்டாள்.

மூன்று மாதப் பிள்ளை. புட்டிப்பால். லூர்துவுக்குப் பின்கட்டில் விறகு வைக்கிற அறை, தனிப் பாய், தனித் தட்டு. பிள்ளை கூடத்தில் பசித்து அழும். இவளுக்குப் பின்கட்டில் பால் சுரந்து ரவிக்கை நனையும். மார்பு கட்டிக் காய்ச்சல் வந்து, பாலைச் சுவரில் பீச்சினாள். கதவைத் திறந்து ஒருதரம் பிள்ளை முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். பிலோமின்ராஜ் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றானாம். இவனுக்கும் ஒரு ஆபீஸ், அதில் ஒரு நாற்காலி!

பிள்ளையைப் பிரித்தது போதாதென்று துணியையும் பிரித்தாள். அந்த வீட்டில் துணி துவைப்பது கௌரவக் குறைச்சல். கைக்குட்டை முதல் எல்லாம் சலவைக்குத்தான் போகும். வீட்டுக்கு ஒரு குறி போட்டுத் துணி வெளுக்கிற தெருக்கோடிச் சலவைக்காரன் மூக்கனைக் கூப்பிட்டு, "மருமக உருப்படி எதுவும் எங்க துணியோட கலக்கக் கூடாது. அவளுக்குத் தனிக் குறி போடு. பிள்ளைக்கும் தனிக் குறி. பெருசா, கண்ணுக்குப் பளிச்சுனு தெரியிற மாதிரி போடு" என்று உத்தரவு போட்டாள். சேலை, ரவிக்கை, தலையணை உறை, துண்டு என்று எல்லாவற்றிலும் கறுப்பாகக் குறி ஏறியது. பிரித்து வைக்க வைக்கத் தடிப்பு பரவியது. கன்னத்துக்கு வந்தது. காதோரம் வந்தது.

இப்படியே நாலைந்து மாதம் போனபின் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிலோமின்ராஜ் உறையூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, பிள்ளைக்கும் வந்துட்டு."

"என்ன வந்துட்டு?"

"அதேதான். கழுத்துல. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் லூர்துவைப் பெருவியாதி ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுடலாம்னு அம்மா சொல்றாங்க. உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாம்னுதான்..."

"திரும்பி எப்ப கூட்டிட்டு வருவீங்க?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"பிள்ளை?"

"அம்மா வளர்ப்பாங்க."

செருப்பை அவன் பார்த்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் என்னுடையதைப் பார்த்திருப்பான். அவனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சந்தியாகம்மாள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு, கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "வா அற்புதம், வா. உன் தங்கச்சி பிள்ளைக்குக் குடுத்த சீரைப் பாரு" என்று அவன் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். சட்டைக் கழுத்துக்குக் கீழே சிவந்து தடித்திருந்தது.

"லூர்து இவனைத் தொட்டு எவ்வளவு நாளாச்சு அத்தை?"

"அவளைத் தொட விடுவேனா நான்?"

"இவனைத் தூக்குறது, குளிப்பாட்டுறது, பக்கத்துல போட்டுத் தூங்குறது யாரு?"

"நான்தான்."

"அப்ப தொத்துற வியாதின்னா உங்களுக்கும்ல வரணும்? இல்ல, அவளோட ஒரே பாயில படுத்த உங்க மகனுக்கு வரணும். உங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு பொரி இல்லையே?"

"எங்களுக்கு மாதா காவல்."

"மாதா பச்சப்பிள்ளையை விட்டுட்டு உங்களையா காவல் காப்பா?"

அவள் மடியிலிருந்த பிள்ளையின் சட்டையைக் கழற்றினேன். புண்ணில் உரசாமல் இருக்கட்டும் என்றுதான் கழற்றினேன். கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம் மூக்கனின் குறி இருந்தது. இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி, கட்டை விரல் நீளத்துக்கு. பிள்ளையின் கழுத்தைப் பார்த்தேன். சிவப்பில் இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி.

பின்கட்டுக்கு ஓடினேன். லூர்துவின் ரவிக்கையில் பின்கழுத்து உள்பக்கம் குறி. சேலையில் இடுப்பில் செருகுகிற முனையில் குறி. அவள் கன்னம் வைத்துப் படுக்கிற தலையணை உறையின் மூலையில் குறி. முசிறியில் அவள் கட்டியது அம்மா ஆற்றில் துவைத்த சேலை, குறி கிடையாது. அங்கே அரிப்பும் கிடையாது. இவ்வளவு நாளும் கத்தரிக்காயைப் போய்க் குற்றம் சொல்லியிருக்கிறோம்!

மூக்கனை அழைத்து வரச் சொன்னேன். பிலோமின்ராஜ் முதல்முறையாக அம்மாவைக் கேட்காமல் போனான்.

"குறி எதால போடுறீங்க மூக்கன்?"

"சேங்கொட்டைப் பாலுதாங்க. வேற எதால போடுறது?"

"சேங்கொட்டை மேல பட்டா என்ன ஆகும்?"

"பொத்துப் புண்ணாயிடும். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே."

"அதைக் கொண்டுபோய்ப் பிள்ளை சட்டையில போட்டிருக்கீங்களே!"

"துணியில காஞ்சா ஒண்ணும் செய்யாதுங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து போடுறோம். இத்தனை வீடு வெளுக்குறேன், யாருக்கு என்ன ஆச்சு? பெரியம்மாதான் பெருசா போடச் சொன்னாங்க" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான். ஆயிரம் தோலுக்கு ஒத்துக்கொள்வது ஒரு தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனுக்குத் தோன்றவில்லை. சேங்கொட்டை புண்ணாக்கும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? பெருவியாதி என்று ஒருத்தி சொன்னதும் அத்தனை பேர் மூளையும் படுத்துவிட்டது.

"நாளைக்கு என் தங்கச்சியை வண்டியில ஏத்தினீங்கன்னா, பூசை நடுவுல எந்திரிச்சு நின்னு இந்தச் சட்டையை ஊருக்கே காட்டுவேன்" என்றேன். சந்தியாகம்மாள் கடவுளுக்குப் பயப்படுவாளோ இல்லையோ, கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பயப்படுவாள். வண்டி நின்றது. பிள்ளையை மட்டும், லூர்து உடம்பு சுத்தமாகும்வரை கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

குறி இல்லாத துணிகளை நானே கொண்டுவந்து, நானே அந்த வீட்டுக் கிணற்றடியில் துவைத்துக் காயப்போட்டேன். அவமானம் தாங்காமல் சந்தியாகம்மாள் கொல்லைப்பக்கமே வரவில்லை. லேகியப் புட்டியோடு ஸ்ரீரங்கத்துக்கும் போனேன்.

"பல்லாதகம்னா என்ன சாமி?"

"சேங்கொட்டை. சுத்தி பண்ணினது, தோஷமில்லை."

வெளியே சேங்கொட்டை, உள்ளேயும் சேங்கொட்டை! புட்டியை அவர் முன்னாலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பிள்ளைக்கு முதலில் ஆறியது. பிறகு லூர்துவுக்குக் கன்னம், கழுத்து, இடுப்பு என்று ஒவ்வொன்றாக ஆறித் தழும்பு மட்டும் நின்றது. சந்தியாகம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "சலவையில ஏதோ கோளாறுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்.

அன்று லூர்து தலைக்குக் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க அத்தை."

ஸ்தனிஸ்லாஸ் அவளைப் பார்த்தான். வாய் கோணியது. வீல் என்று கத்திக்கொண்டு திரும்பிச் சந்தியாகம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். லூர்து பிரித்து எடுத்தாள். அவன் வில்லாக வளைந்து, அவள் முகத்தில் அறைந்து, பாட்டியை நோக்கித் தாவினான். அவள் மார்பில் சேர்த்து அணைத்தாள். அங்கே பால் வற்றி எவ்வளவோ நாளாகியிருந்தது.

"குடு, பயந்துடுவான்" என்று எழுந்தாள் சந்தியாகம்மாள்.

"தொடாதீங்க" என்றாள் லூர்து. அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிலோமின்ராஜைப் பார்த்து, "நான் முசிறிக்குப் போறேன். உங்களுக்கு வரணும்னு தோணினா வாங்க. அத்தைகிட்ட கேட்டுட்டு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பஸ் காவிரிப் பாலம் தாண்டியும் பிள்ளையின் அழுகை நிற்கவில்லை. தொண்டை கட்டி, மூச்சு இழுத்து இழுத்து அழுதான். கண் ஜன்னலுக்கு வெளியே யாரையோ தேடிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஸீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், அம்மாவைத் தேடுது. எங்கேம்மா அவங்க, கூட வரலையா?" என்று கேட்டாள்.

லூர்துதான் பதில் சொன்னாள்.

"நான்தாங்க அம்மா."