தடுமாறாத மூன்று முத்தங்கள்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருட்டில் தொடங்கியது. சாவோ பாலோ நகரத்தின் பிறந்தநாள் மலருக்காக, ஊருக்குப் புதிதாக வந்தவர் கண்ணில் நம் தெருக்களும் பூங்காக்களும் எப்படித் தெரிகின்றன என்று ஒரு கதை வேண்டும், திங்கட்கிழமை காலைக்குள் கொடுக்க முடியுமா என்று ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். நான் இதே ஊரில் பிறந்து, ஐம்பத்து நான்கு வருடமாக இதே தெருக்களைத் திட்டிக்கொண்டே நடப்பவள். எனக்கு ஏது புதுக் கண்? அதனால் பெலோ ஹொரிசோண்டேயில் இருக்கும் தோழி சுலெய்காவை வெள்ளி முதல் ஞாயிறு வரை வந்து தங்கும்படி கூப்பிட்டேன். "உன்னப் பாக்கணும் போல இருக்குடி" என்று போனில் குழைந்தேன். அவள் பார்ப்பதை எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக்கொள்வதுதான் திட்டம்.

முதல் வரியை மட்டும் நான்கு தடவை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மதியத் தூறலில் அந்த மாபெரும் நகரம் அவளை— [வேண்டாம். எந்த உள்ளூர்க்காரி மாபெரும் என்கிறாள்?]

பேருந்திலிருந்து இறங்கியதும் சுலெய்கா முதலில் பார்த்தது— [என் கணவனை.]

மேகம், நனைந்த சுவர்கள், பேருந்து நிலையத்தில் ஆயிரம்— [தூக்கம் வருகிறது.]

நான்காவதுதான் நின்றது: என் கணவன் அன்செல்மோ, முன்பின் பார்த்தறியாத சுலெய்காவுக்கு மூன்று முத்தம் கொடுத்தான், தடுமாறாமல்.

2

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது.

எங்கள் ஊரில் ஆளைப் பார்த்ததும் கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு முத்தம். ஒன்றே ஒன்று. முத்தம் என்றால் உதடு படாது, காற்றில் ஒரு சத்தம், அவ்வளவுதான். ரியோக்காரர்களுக்கு இரண்டு. சுலெய்காவின் ஊர் இருக்கும் மினாஸ் மாநிலத்தில் மூன்று. மூன்றாவது, கல்யாணம் கூடிவருவதற்காக என்பார்கள். ஆகவே சாவோ பாலோ ஆணும் மினாஸ் பெண்ணும் முதன்முதலாகச் சந்தித்தால் ஒரு கூத்து நடந்தே தீரும். இவன் ஒன்றோடு பின்வாங்குவான். அவள் கன்னம் அந்தரத்தில் நிற்கும். பதறிப்போய் இவன் மறுபடி குனிய, மூக்கும் மூக்கும் இடித்துக்கொள்ளும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அறிமுகமே அதுதான்.

அன்செல்மோவுக்கு ஐம்பத்தெட்டு வயது, பரம்பரை ஒற்றை முத்தக்காரன். பேருந்து நிலையத்தில், தூறலில் நனைந்த பெட்டியை ஒரு கையில் வாங்கிக்கொண்டே, வலம், இடம், வலம் என்று மூன்றையும் கச்சிதமாக முடித்தான்.

சுலெய்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பரவால்லயே டிர்சே, உன் வீட்டுக்காரர நல்லா பழக்கி வெச்சிருக்க."

நானும் சிரித்தேன். நான் எதையும் பழக்கவில்லை.

சுலெய்கா எனக்குத் தோழியானது மூன்று வருடத்துக்கு முன்னால், பெலோ ஹொரிசோண்டேயில் நடந்த பத்து நாள் எழுத்துப் பட்டறையில். ஒரே விடுதி, பக்கத்துப் பக்கத்து அறை. அன்செல்மோ அந்தப் பக்கமே வந்ததில்லை. வந்ததில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

[இந்த இடத்தில், பட்டறைக்கு வந்திருந்த எவாண்ட்ரோ என்பவரைப் பற்றி மூன்று வரி இருந்தது. கதைக்குத் தேவையில்லை என்று அடித்துவிட்டேன்.]

3

அன்செல்மோ என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பாத்திரம் என்றால் முன்னுக்குப் பின் பொருந்தி வரவேண்டும். இவன் லிப்ட் பழுது பார்ப்பவன். வாரம் முழுக்க அடுத்தவர்களை மேலும் கீழும் அனுப்பிவிட்டு, சனி ஞாயிறு சோபாவை விட்டு அசையமாட்டான். வீட்டிலிருந்து, கோழிகள் இஷ்டத்துக்குத் திரியும் ஆக்வா பிராங்கா பூங்காவுக்கு அரைமணி நடைகூட இல்லை. வா போகலாம் என்று பத்து வருடமாகக் கேட்கிறேன். "கோழி பாக்கறதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? கடைல தொங்குது" என்பான்.

சனிக்கிழமை காலை அதே ஆள், புதுச் சட்டையோடு கதவருகே நிற்கிறான்.

"நீ எழுதிட்டு இரு. நான் கூட்டிட்டுப் போய்ட்டு வரேன்."

"எங்க?"

"ஆக்வா பிராங்கா. அப்புறம் லூஸ் பூங்கா. பாவம், ஊர் பாக்க வந்தவ."

"நானும் வரேன்."

"திங்கக்கிழம குடுக்கணும்னு நீதான சொன்ன?"

சுலெய்கா குடையை எடுத்துக்கொண்டாள். "வயசான காலத்துல எனக்கும் ஒரு காவலாள் கெடச்சாச்சு. நீ நிம்மதியா எழுதுடி" என்றாள். அவள் விவாகரத்தானவள் என்பதை எந்தப் பகுதியில் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

4

மாலை நான்கு மணிக்கு வந்தார்கள். சனிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடும் கறுப்பு அவரையும் பன்றிக்கறியும் அவர்களும் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டிருந்தார்கள். நான் முந்தின நாள் சோற்றைச் சூடு பண்ணித் தின்றிருந்தேன்.

எனக்கு எரிச்சல் அதனால் மட்டுமல்ல. அவள் சொன்னவை எல்லாம் நன்றாக இருந்தன.

"பூங்காவுல சேவலுங்க பெஞ்ச விட்டு எழுந்திருக்க மாட்டேங்குதுடி. மனுசங்கதான் எழுந்து எடம் விடறாங்க. உங்க ஊருல எல்லாரும் அவசரமா போறாங்க, ஆனா வழி கேட்டா நின்னு சொல்றாங்க. தெரியலன்னா இன்னும் அதிக நேரம் சொல்றாங்க."

இதெல்லாம் நான் எழுதியிருக்க வேண்டியவை. ஐம்பத்து நான்கு வருடம் இங்கே குப்பை கொட்டியவள் நான். ஒரே நாளில் இந்த ஊர் அவளுக்கு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டியிருக்கிறது. பொறாமைக்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக விரும்பவில்லை. அவள் கண்ணின் மேல் பொறாமை, அவள் கூட நடந்த கால்களின் மேல் பொறாமை.

"லூஸ் பூங்காவுல ஒரு மரம்" என்றாள். "கட்டிப்பிடிக்க மூணு பேராவது வேணும். நானும் இவரும் ஆளுக்கொரு பக்கம் கைய நீட்டிப் பாத்தோம். எட்டவே இல்ல."

"எட்டலயா?" என்றேன்.

"எட்டல. மூணாவதா நீ வந்திருக்கணும்."

அன்செல்மோ நனைந்த செருப்பைப் பால்கனியில் காயவைத்துக்கொண்டிருந்தான்.

(குறிப்பு: சேவல், வழி கேட்பது, இரண்டையும் பத்திரிகைக்கான பிரதியில் சேர்த்துவிட்டேன். மரத்தைச் சேர்க்கவில்லை.)

5

எங்கள் வீடு மூன்றாவது மாடியில், ஊர்க்காரர்கள் மண்புழு என்று பெயர் வைத்த மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது. பாலம் சரியாக எங்கள் ஜன்னல் உயரத்தில் ஓடுகிறது. வாரநாட்களில் வண்டிச் சத்தம் தாங்காமல் இரட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறோம். சனி ஞாயிறில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஊரே பாலத்தில் நடக்கும். நாய்கள், சைக்கிள்கள், நடுச்சாலையில் நாற்காலி போட்டு வெயில் காய்பவர்கள்.

ஞாயிறு காலை இரண்டு பேரும் மறுபடி கிளம்பினார்கள். வாசல்காவலர் ஜெனிவால் கீழேயிருந்து உள்போனில் கூப்பிட்டார்.

"டோனா டிர்சே, உங்க வீட்டுக்காரர் ரெண்டாவது நாளா நடக்கறாரு. டாக்டர் சொன்னாரா?"

"விருந்தாளி சொன்னாங்க."

"அப்பிடியா. டாக்டர் சொல்லி எவன் கேக்கறான்" என்று வைத்துவிட்டார்.

நான் மேசையில் உட்கார்ந்து முடிவுகளை எழுதினேன்.

முடிவு அ: சுலெய்கா ஞாயிறு கிளம்புகிறாள். செவ்வாய் அன்று அன்செல்மோவும் ஒரு பெட்டியோடு கிளம்புகிறான். [அவன் பெட்டிக்கு ஜிப் போய் ஒரு வருடம் ஆகிறது. என் பெட்டியைத்தான் கேட்பான்.]

முடிவு ஆ: பேருந்து நிலையத்தில் நான் சுலெய்காவை நேருக்கு நேர் கேட்கிறேன். அவள் சிரிக்கிறாள். [எந்தச் சிரிப்பு? என்னால் எழுத முடியவில்லை.]

முடிவு இ: ஒன்றுமே இல்லை. எழுத்தாளருக்குத்தான்—

நிமிர்ந்தபோது அவர்கள் எதிரே வந்துவிட்டிருந்தார்கள். ஜன்னலுக்கும் அவர்களுக்கும் நடுவில் பத்தடி இருந்தால் அதிகம். நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கினேன். சொந்த வீட்டில், சொந்தக் கணவனிடமிருந்து ஒளிந்துகொண்டேன், வெட்கம்தான். அன்செல்மோ எங்கள் ஜன்னலைக் கை நீட்டிக் காட்டினான். சுலெய்கா ஏதோ சொன்னாள். அவன் குனிந்து கேட்டான். முப்பது வருடத்தில் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. பிறகு நிமிர்ந்து, வாயைத் திறந்தான். ஒரு சொல் கூட வரவில்லை, மூடிக்கொண்டான். மனசில் இருப்பதைச் சொல்ல வந்து தைரியம் போனவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எத்தனை கதைகளில் எழுதியிருக்கிறேன்.

கண்ணாடி எதையும் கேட்கவிடவில்லை. முடிவு இ-யை அடித்தேன்.

6

மதியம் மூன்று மணிப் பேருந்து. அதே நிலையம், அதே வலம், இடம், வலம். அவள் என்னையும் அணைத்துக்கொண்டு, "எழுதினத எனக்கு அனுப்பு" என்றாள். அனுப்பமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து அன்செல்மோ காப்பி போட்டான். துணி வடிகட்டியில் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"மூணு முத்தம் எங்க கத்துக்கிட்ட?"

"எது?"

"நடிக்காத. சுலெய்காவுக்குக் குடுத்தியே. தடுமாறாம."

தண்ணீர் இறங்கி முடிந்ததும் வடிகட்டியை எடுத்து வைத்தான்.

"உங்கிட்டதான்."

"எங்கிட்டயா?"

"பெலோ ஹொரிசோண்டேலருந்து நீ வந்த அன்னிக்கு. கதவத் தொறந்தேன். ஒண்ணோட நான் விலகிட்டேன், நீ கன்னத்த நீட்டிக்கிட்டு நின்ன. அப்புறம் ரெண்டு வாரம், நான் வேலைக்குப் போறப்ப மூணு, வரப்ப மூணு. நானும் பழகிக்கிட்டேன். ஒரு நாள் நீ திரும்ப ஒண்ணுக்குப் போயிட்ட. நான் மூணுக்கு நின்னுட்டிருந்தேன்."

எனக்கு நினைவே இல்லை. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"பட்டறைல எல்லாரும் மினாஸ்காரங்க, அதான்" என்றேன்.

"இருக்கலாம். நெறய பேரு ஆளுக்கு ஒரு தடவ குடுத்தாலும் பழகும். ஒரே ஆளு நெறய தடவ குடுத்தாலும் பழகும்." கோப்பையை என் முன்னால் வைத்தான். "எதுன்னு நான் கேக்கல."

"கேட்டிருக்க வேண்டியதுதான."

"கேக்கத்தான் ரெண்டு நாளா நடந்தேன். எனக்கென்ன கோழி மேல திடீர்னு ஆச? அங்க உன்கூட இருந்தவங்கள்ல எனக்குக் கெடச்சது அவ ஒருத்திதான். அந்த மரத்தடில அவகிட்ட கேட்டுடலாம்னு பாத்தேன். இன்னிக்குப் பாலத்துல வாயையே தொறந்துட்டேன். நம்ம ஜன்னல் எதிர. அவ என்ன சொல்லிட்டிருந்தா தெரியுமா? உங்க வீட்டுத் திரை அழகா இருக்குன்னா."

"கேட்டியா?"

"இல்ல. உன்னப் பத்தி இன்னொருத்திக்கிட்ட கேக்கறது அசிங்கமா இருந்துச்சு."

காப்பியைக் குடித்தான். மூன்று வருடம் அவனுக்குள் என்ன எரிந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். நான் மூன்று நாள் தாங்காமல் ஆறு பகுதி எழுதிவிட்டேன்.

"கத முடிஞ்சா குடு" என்றான். "எப்பவும் மொதல்ல படிக்கறது நான்தான."

7

இப்போது அவன் படுக்கையறையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறான். எனக்கு அவ்வளவு நேரம்தான் இருக்கிறது.

இரண்டாம் பகுதியில் ஒருவரைப் பற்றிய மூன்று வரியை அடித்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். யார் அவர், ஏன் அடித்தாய் என்று நீங்களும் கேட்கவில்லை. அன்செல்மோவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதற்குத்தான் எனக்குத் திறமை இருக்கிறது.

தாளைத் திருப்பி எடுத்தேன். கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னும் தெரிகிறது. அதைப் பழையபடி எழுதத் தொடங்கினேன்:

ஆறாம் நாள் மாலை, எவாண்ட்ரோ விடுதிப் படிக்கட்டில் என்னிடம் விடைபெறும்போது, மூன்றாவது முத்தத்துக்கு—

"கெடச்சிருச்சு" என்கிறான் அன்செல்மோ. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு வருகிறான். கை நீட்டி நிற்கிறான்.

அந்த வரியை முடித்துக் கொடுப்பதா, அடித்துக் கொடுப்பதா? இவ்வளவு நேரம் ஜன்னலுக்கு வெளியே நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நீங்களே சொல்லுங்கள். பேனா இதோ இருக்கிறது. அவன் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.