ஏழாம் நம்பர் பாட்டில்

ஏழாம் நம்பர் பாட்டிலில் இருந்தது ஏழாம் நம்பர் இடத்துத் தண்ணீர் அல்ல. பதினோரு வாரமாக இந்த விஷயம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இப்போது ஓடைக் குழுவின் கூட்டத்தில், கடைசி வரிசை நாற்காலியில், கையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஊரில் அவருக்குப் பெயரே 'தபால்'தான். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர். மேட்டு வீடு, பள்ளத்து வீடு, நாய் கடிக்கும் வீடு, எல்லாம் அவர் காலுக்கு மனப்பாடம்.

ஊருக்கு மேலே இருந்த நிலக்கரிச் சுரங்கத்தை மூடி இருபது வருஷம் ஆகிறது. தோண்டியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுரங்க வாயிலிருந்து புளித்த தண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்து, ஓடையைத் துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு மாற்றியது. கையெழுத்து வாங்கி, மனு கொடுத்து, அலைந்து ஓய்ந்த பிறகு, வெல்டர் ஒருவர் நாலு பேரைச் சேர்த்து ஓடைக் குழுவை ஆரம்பித்தார். போன வருஷம் சுரங்க வாயில் சுண்ணாம்புக்கல் படுகை போட்டார்கள். பாதி தூரம் லாரி, மீதி தூரம் தலைச்சுமை. தண்ணீர் அந்தக் கல்லின் மேல் ஓடும்போது புளிப்பு குறையும். அப்புறம் கீழே ஒரு குட்டையில் துரு படியும். தெளிந்தது ஓடைக்குப் போகும்.

சனிக்கிழமைதோறும் எட்டு இடத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும். கெமிஸ்ட்ரி டீச்சர் அதைப் பள்ளிக்கூட லேபில் அளப்பார். ஆறாம் இடம் குட்டையைத் தாண்டி, ரோட்டோரம். ஏழாம் இடம் உச்சியில், கல் படுகைக்கு அடியில். கழிவு மேட்டில் ஐம்பது நிமிஷம் ஏற வேண்டும்.

"ஏழுக்கு யார் போறீங்க?" என்று வெல்டர் கேட்ட அன்று எல்லோரும் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். லாரிக்காரர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். தபால் விடவில்லை. "உங்க தொப்பை மேல போய்ச் சேர்றதுக்குள்ள மூடின சுரங்கத்தையே திறந்துடுவாங்க. நான் போறேன்" என்றார். கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தவர், நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் பயந்துபோய்த் திரும்பிவிட்டார். ரோட்டோரத்தில் ஆறாம் பாட்டிலை நிரப்பினார். ஏழாம் பாட்டில் காலியாக இருந்தது. யாரிடமாவது 'என்னால முடியல' என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் லாரிக்காரரின் தொப்பை ஞாபகம் வந்தது. கை தானாக நீண்டு, அதே இடத்தில் ஏழையும் நிரப்பியது. இந்த ஒரு வாரம் மட்டும் என்று சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

இன்று காலை கிளம்பும்போது அவர் மனைவி ஷூவை வாசலில் வைத்துவிட்டு, "இப்பல்லாம் இதைத் தேய்ச்சுக் கழுவற வேலையே இல்ல" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவரும் பார்க்கவில்லை.

கூட்டத்தில் வெல்டர் விஷயத்துக்கு வந்தார். உச்சியிலேயே தண்ணீர் இவ்வளவு நன்றாகிவிட்டதால், படுகையில் பாதிக் கல்லைப் பெயர்த்துப் பக்கத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுபோகலாம், திங்கட்கிழமை லாரி தயார் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். தபாலின் கையும் பாதி வரை உயர்ந்தது.

டீச்சர் எழுந்தார். கையில் ஒரு நோட்டு. கல்லைத் தொட வேண்டாம் என்று ஆரம்பித்தார். ஆறும் ஏழும் பதினோரு வாரமாக ஒரே அளவு காட்டுகின்றன. ஒரு வாரம் பொருந்தலாம், பதினோரு வாரமும் பொருந்தாது. புளிப்பை அளக்கும் மீட்டரைப் புது மருந்து வாங்கி மூன்று முறை சரிபார்த்துவிட்டார், அதில் பழுதில்லை. எனவே பழுது தன்னிடம்தான்.

"ஆறை அளந்துட்டு மீட்டர் முனையைச் சரியா கழுவாம ஏழுல விட்டிருக்கேன். வேற காரணமே இல்ல" என்றார் டீச்சர். "தபால் சார் கொட்டற மழையில மேல ஏறிப் பிடிச்சுட்டு வந்த தண்ணி. எல்லாத்தையும் நான் வீணாக்கிட்டேன்."

லேப் அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்தார். இனி வேறு யாராவது அளக்கட்டும் என்றார்.

யாரும் தபாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டுப் பார்த்திருந்தாலாவது முறைத்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், தப்பித்துவிடலாம். கல்லும் இருக்கும், மானமும் இருக்கும், டீச்சர் மட்டும் இருக்கமாட்டார். வெல்டர் சாவியை எடுக்கக் கையை நீட்டினார்.

"சாவியை நீயே வச்சுக்கோம்மா" என்றார் தபால். எழுந்து நின்றுவிட்டது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது. "அது ஏழாம் நம்பர் தண்ணி இல்ல. ரோட்டோரத்துல பிடிச்சது. ரெண்டும் ஒரே தண்ணிதான்."

"எத்தனை வாரம்?" என்று கேட்டார் வெல்டர்.

"பதினொண்ணும்."

வெல்டர் வாயைத் திறந்தால் தீப்பொறி பறக்கும் என்பது ஊருக்கே தெரியும். அன்று அவர் கத்தவில்லை. மண்வெட்டி இரண்டை எடுத்துக்கொண்டு, மேலே போய்ப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னார். டீச்சர் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார்.

ஏற்றத்தில் தபால் நான்கு இடத்தில் நின்றார். லாரிக்காரர் புஸ்புஸ் என்று மூச்சு விட்டபடி அவரைத் தாண்டிப் போனார். இப்போது வரும், அன்றைய தொப்பைக் கிண்டலுக்குப் பதில் வரும் என்று தபால் காத்திருந்தார். லாரிக்காரர் திரும்பி வந்து, "குடிங்கண்ணே, மெதுவா வாங்க" என்று தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அந்தக் கிண்டல் வந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

உச்சியில் வெள்ளைக் கல்லையே காணோம். படுகை முழுக்க ஆரஞ்சுக் கசடு அப்பிக் கிடந்தது. வெளியேறும் குழாய் வாயில் சருகு அடைத்திருந்தது. வாரம் ஒரு முறை யாராவது வந்திருந்தால் கையாலேயே தள்ளிவிட்டிருக்கலாம். போக வழியில்லாத தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கியிருந்தது. புல்லைக் கருக்கிக்கொண்டு போன அந்தக் கோட்டைத் தபாலின் கண் பின்தொடர்ந்தது. கோடு முடிந்த இடத்தில் ஒரு வீடு, ஒரு குளம். வாத்து வளர்க்கும் அக்காவின் குளம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த அக்கா கடைத்தெருவில் அவரை நிறுத்தி, குளத்துத் தண்ணீர் நிறம் மாறுகிறதே, மேலே ஏதாவது உடைந்திருக்குமா என்று கேட்டாள். ஏழாம் நம்பர் சுத்தமாக இருக்கிறது, மழைக்குச் சேறு கரைந்திருக்கும் என்று அவர் பதில் சொல்லியிருந்தார். நின்று, நிதானமாக, பெரிய மனுஷன் தோரணையில்.

மற்றவர்கள் குழாயைக் குத்த ஆரம்பித்தார்கள். அவர் தனியாகக் கீழே இறங்கி அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். எத்தனையோ முறை தட்டிய கதவு. எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் நிறுத்தவும் இல்லை, மூச்சு வாங்கியதைக் காரணமாகச் சொல்லவும் இல்லை. அக்கா உள்ளே கூப்பிடவில்லை. பின்னால் காலிக் கூண்டுகள் ஏழெட்டு சுவரோரம் அடுக்கியிருந்தன.

"வேற யாரையாவது கேட்டிருப்பேன்" என்றாள் அவள். "நீங்க சொன்னீங்களேன்னுதான் கேக்கல."

கதவு சத்தமில்லாமல் மூடியது.

கசடை வாரிக் கரையைக் கட்ட ஒன்பது நாள் பிடித்தது. குளத்துக்கு இன்னும் எத்தனை மாசமோ, டீச்சரால் சொல்ல முடியவில்லை. தன்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று தபால் எதிர்பார்த்தார். உள்ளூர அதற்கு ஆசைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். வெல்டர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. குழுவில் இருப்பதே பதினாலு பேர், வீட்டில் போய் முக்காடு போட்டு உட்கார ஆள் கிடையாது, மெதுவாக ஏறினால் போதும் என்றார். தண்ணீர் பிடிக்கும் தாளில் மட்டும் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது: உடன் இருந்து பார்த்தவர் கையெழுத்து. எட்டு இடத்துக்கும் அதே தாள்தான். யாரால் வந்தது என்று எட்டு இடத்துக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. தபால் படுகைக்கு அடியில் குந்தி, பாட்டிலை மூன்று முறை அலசிக் கொட்டினார். அதன் வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்தார். கூட வந்த லாரிக்காரர் நாகரிகமாக முதுகைக் காட்டி நின்று, கீழே தெரிந்த ரோட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் திரும்புங்க" என்றார் தபால்.

"பரவால்லண்ணே, நீங்க பிடிங்க."

"இல்ல. பாருங்க. பார்த்துட்டுப் போடுங்க கையெழுத்து."

லாரிக்காரர் திரும்பினார். அவர் கண் முன்னால் பாட்டில் நிரம்பி வழியும் வரை தபால் தலை நிமிரவில்லை.