பதினோரு வரிப் பட்டம்

நாற்பது சூரியன்களை ஆளும் அந்தப் பேரரசில் சண்டை என்று வந்தால், பெரும்பாலும் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான். ஒரு நிலாவுக்குச் சொந்தக்காரர் குறுங்கோமான். முழுக் கோளுக்குக் கோமான். ஒரு சூரியனையே வளைத்துப் போட்டவர் பெருங்கோமான். குறுங்கோமானுக்கு ‘மேன்மை’ போதும், கோமானுக்குப் ‘பெருமேன்மை’ வேண்டும். பாதி நிலாவை வைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், தன்னைப் பெருமேன்மை என்று சொன்னால்தான் ஆச்சு என்று மூன்று நாள் கப்பலைவிட்டு இறங்காமல் முரண்டு பிடித்திருக்கிறார்.

இந்தக் கூத்தையெல்லாம் இறங்குதுறை மண்டபத்தில் பதினெட்டு வருஷமாகச் சமாளித்து வந்தவள் கட்டியக்காரி. கதவு திறக்கும், காலடி கேட்கும், ஏட்டைப் பார்த்துப் பட்டத்தை உரக்கச் சொல்வாள். சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரக் கூடாது. குனிந்திருக்கும்வரை அவள் வாய் பேரரசரின் வாய். அதிலிருந்து வந்தது வந்ததுதான், யாராலும் மாற்ற முடியாது. நடுவில் நிமிர்ந்துவிட்டால் அது வெறும் அவள் வாய்.

அன்று பட்டமேற்க வந்தவன் ஒரு பனிக்கோளின் வாரிசு. யாரும் எட்டிக்கூடப் பார்க்காத கடைக்கோடி அது. அவன் வந்த நேரம் பார்த்துக் கதவு சிக்கிக்கொண்டது. அந்தத் துறைமுகத்தின் கதவு மெக்கானிக் கட்டியக்காரியின் தம்பி. அவன் வெளியிலிருந்து தோள் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினான். கதவு திறந்த வேகத்தில் அவனே முதல் ஆளாக உள்ளே வந்து நின்றான்.

காலடி கேட்டது. அவள் பதினோரு வரிப் பட்டத்தையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். எதிரே கையில் ஸ்பேனரோடு தம்பி.

மண்டபமே மண்டியிட்டது. நிஜ வாரிசு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று வந்த கப்பலிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மண்டபத்தின் பதிவாளர் அக்கா, தம்பி இருவரையும் தன் அறைக்கு அழைத்துப்போனார். நல்ல மனுஷர்தான், ஆனால் சட்டம் அவரைவிடப் பெரியது.

“பெருமேன்மை சாயங்காலமே கிளம்பணும். தன் கோளை விட்டுட்டு ஒரு கோமான் திரும்பி வர வழி கிடையாது. மனைவி சாதாரணக் குடி, அதனால கூட வர முடியாது.”

தம்பி மனைவிக்கு எட்டாவது மாதம்.

“அக்கா, நான் கதவு சரிபண்ணத்தானே வந்தேன்? நீயாவது சொல்லேன். அவ தனியா என்ன பண்ணுவா?” என்று அவன் அழுதான்.

‘அழாதடா’ என்று ஒரு சொல் அவளால் சொல்ல முடியவில்லை. கோமானிடம் வாய் திறக்கும் முன் பதினோரு வரியையும் சொல்லியாக வேண்டும். அழுகிற தம்பியைத் தேற்றப் பதினோரு வரி!

“வழக்கமான கேள்விதான்மா,” என்று பதிவாளர் தாளை நீட்டினார். “சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடி நிமிர்ந்து பாத்தீங்களா? இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

பார்த்தேன் என்று எழுதினால் என்னவாகும் என்பது அவளுக்குத் தெரியும். பட்டம் செல்லாது. பார்த்தவளுக்கு விளிப்பு நீக்கம். அதன் பிறகு பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அவளை யாரும் கூப்பிடக் கூடாது, அவளும் யாரோடும் பேசக் கூடாது. இன்ன உறவு என்று பிறரிடம் சொல்லவும் கூடாது. மீறுகிறவர்களுக்கும் அதே கதி. வீட்டுக்கு வீடு சுவரில் பேரரசின் ஒலிவாங்கி இருந்ததால் ஏமாற்றவும் வழியில்லை.

“பாத்தேன்,” என்றாள். “முதல் வரியிலயே பாத்துட்டேன். என் தம்பின்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.”

பதிவாளரின் பேனா நின்றது. “யோசிச்சுப் பேசுங்கம்மா.”

அவளை யாரும் அம்மா என்று அழைத்தது அதுவே கடைசி. வாரிசைக் கப்பலிலிருந்து குண்டுக்கட்டாகத் தூக்கி வந்தார்கள். தம்பி “அக்...” என்று ஆரம்பித்ததும் பதிவாளர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

தம்பி வீட்டுப் பின்னறையில் அவளுக்கு இடம் இருந்தது. வேளாவேளைக்குத் தட்டு வந்தது. தட்டை வைக்கும்போதெல்லாம் தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள். பெண் குழந்தை பிறந்தது. அந்த அறைக்குள்தான் அது தவழ்ந்தது, அவள் விரலைப் பிடித்துத்தான் எழுந்து நின்றது. அத்தை என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் எழவேயில்லை.

குழந்தைக்கு இரண்டு வயதான சமயம், ஒரு மத்தியானம். வேலை முடிந்து வந்த தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து, குழந்தை அவளைக் காட்டியது.

“அப்பா, இது யாரு?”

அவன் உதடு துடித்தது. எங்கே உளறிவிடுவானோ என்று அவள் பதறிப்போனாள். சுவரைக் கண்ணால் காட்டி, குழந்தையைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் குழந்தையின் பக்கம் குனிந்தான்.

“யாருமில்லம்மா.”

அவள் கேட்டு வாங்கிய பதில்தான். குழந்தை சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டது.