மீன் கவ்விய அலகு

வடகோடிக் கடலில் மூடுபனி இறங்கியதும் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. படகில் இருந்தது ஊலாயுவும் அவள் கொழுந்தன் பாலூசியும்தான். வழிகாட்டும் கருவியை மறக்காமல் எடுத்து வந்திருந்தான் பாலூசி. அதன் பாட்டரி வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"அதோ ஆக்பா பறவைங்க போகுது அண்ணி. அதுங்க பின்னாடியே போனா, அதுங்க குஞ்சு பொரிக்கிற நம்ம முனை வந்துடும்" என்று முக்கால் மணி நேரம் ஓட்டினான். அலைதான் பெரிதாயிற்று.

"மண்டைக்குள்ள என்ன, கடல்நாய்க் கொழுப்பா இருக்கு? அலகைப் பாருடா! வெறும் வாயோட போறது கடலுக்கு இரை தேடப் போகுது. மீனைக் கவ்விக்கிட்டுப் போறதுதான் குஞ்சுகிட்ட போகுது."

பாலூசி படகைத் திருப்பினான். அலகுக்கு ஒரு மீனாகப் பறவைகள் தலைக்கு மேல் விரைந்தன. கடைசியில் எச்சத்தின் நெடி மூக்கைத் துளைத்தது. முனையின் பாறைச்சுவர் முழுக்க ஒரே இரைச்சல். அதைத் தாண்டினால் அவர்கள் வேட்டைக்காகப் போட்டிருந்த கூடாரம்.

"அப்பாடா! வந்துட்டோம்னு ஒரு வேட்டு போடவா?"

துப்பாக்கியை எடுத்தவன், அவள் முறைப்பதற்குள் தானாகவே கீழே வைத்தான். சத்தத்துக்குப் பறவைகள் மிரண்டு எழுந்தால் பாறை விளிம்பிலிருக்கும் குஞ்சுகள் உதிர்ந்துவிடும். எஞ்சினையும் அணைத்தான். துடுப்பைத் தொட்டாலே தோள் வலிக்கிறது என்பவன், துடுப்பைக் கையில் எடுத்தான்.

"கூடாரத்துக்கு இன்னும் அரை மைல் இருக்குடா!" என்றாள் ஊலாயு.

"மெதுவாப் பேசுங்க அண்ணி," என்றான் பாலூசி. "புள்ளைங்க சாப்பிடுது."