அசையாத திரைச்சீலை

அந்த மாளிகையில் நான் தையல்காரியாக இருந்த ஒன்பதாவது வருடம், ஒரு மத்தியான வேளையில் என்னைத் திருடி என்றார்கள். மின்விளக்கு வராத, குதிரை வண்டிகள் ஓடிய காலம் அது. பிரபு வீட்டில் ஒருத்திக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டால் பிறகு ஊரில் எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்காது.

காணாமல் போனது ஒரு பச்சைக்கல் மாலை. பிரபுவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த மாலையைப் பெண் அணிந்துகொள்ள அனுப்பியிருந்தார்கள். மூன்று சரம், கையில் எடுத்தால் மணிக்கட்டு தாழும். கல்யாண உடையின் கழுத்தை அதற்குத் தகுந்தபடி வெட்ட வேண்டும் என்று, காலையில் காரியஸ்தர் மாலையைப் பெட்டியோடு தையலறைக்குக் கொண்டுவந்தார். அளவு எடுத்தேன்; பெட்டியில் வைத்து மூடிக் கொடுத்தேன். அவர் அதை மகளின் அறையில் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் பிரபு திறந்து பார்த்தபோது உள்ளே வெறும் வெல்வெட் துணிதான் இருந்தது.

"கடைசியா கை வச்சது இவதாங்க," என்று கூடத்தில் வேலைக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் காரியஸ்தர் என்னைக் காட்டினார்.

"சாயங்காலத்துக்குள்ள மாலை வரணும். இல்லன்னா போலீஸ்தான்," என்று சொல்லிவிட்டுப் பிரபு உள்ளே போய்விட்டார்.

தையலறையில் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர் பிரபுவின் அக்கா. கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். வீட்டிலிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் கை வைத்த பிறகு எந்த இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டியதில்லை. 'கடிகாரத்தம்மா' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம், நானும் சிரித்திருக்கிறேன்.

"நீ எடுத்தியா?"

"இல்லம்மா."

"சரி." அவ்வளவுதான். சத்தியம் செய்யச் சொல்லவில்லை. கிழிந்த தலையணை உறை ஒன்றை என் மடியில் போட்டார். "அழுதது போதும். கொஞ்ச நேரம் தை. பழகின வேலையில மனசு நிக்கும்."

தைத்தேன். முக்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காரியஸ்தரைக் கூப்பிட்டார்.

"பெட்டியைத் திரும்ப எடுத்துட்டுப் போறப்போ திறந்து பார்த்தீங்களா?"

"இல்லங்கம்மா. அவசரத்துல..."

கடிகாரத்தம்மா இரண்டு அட்டைப் பெட்டிகளை வரவழைத்தார். ஒன்றில் தோட்டத்துக் கூழாங்கற்கள், மற்றது காலி. இரண்டையும் மூடி, காரியஸ்தரின் இரண்டு கையிலும் வைத்தார்.

"எதுல கல்லு?"

"இதுலதாங்க. இது கூடவா தெரியாது?"

"காலையில இங்கேருந்து தூக்கிட்டுப் போன பெட்டி எப்படி இருந்துச்சு?"

காரியஸ்தர் வாயைத் திறந்து, பாதியில் நிறுத்தி, மெதுவாகச் சொன்னார். "கனமாத்தான் இருந்துச்சுங்க."

"அப்போ மாலை இந்த அறையில தொலையல," என்று எழுந்தார் அம்மா. "ரெண்டு பேரும் என்கூட வாங்க."

பிரபுவின் மகள் தன் அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். காற்றுக்காலம். நான்கு ஜன்னலிலும் திரைச்சீலைகள் இருந்தன. மூன்று படபடவென்று அடித்துக்கொண்டன. நான்காவதன் கீழ் மூலை மட்டும் தரையைவிட்டு எழும்பவில்லை.

"மத்தது எல்லாம் இந்த ஆட்டம் ஆடுது. இது மட்டும் என்ன இவ்வளவு மரியாதையா நிக்குது?" என்று கேட்டபடியே அம்மா குனிந்து, திரையின் ஓரத்தைத் திருப்பி, தையலில் பாதியைப் பிரித்தார். மடிப்புக்குள்ளிருந்து பச்சைக்கல் மாலை சரிந்து விழுந்தது.

காரியஸ்தர் துள்ளினார். "பார்த்தீங்களா! இந்தத் திரையைத் தைச்சதே இவதாங்க!"

"இவ இடது கைக்காரி. இவ தையல் பூரா ஒரே பக்கமா சாயுது, பாருங்க. இந்த ஒரு சாண் மட்டும் எதிர்ப்பக்கமா சாயுது. அதுவும் கோணல்மாணலா. இப்படித் தைக்கிறவளா இருந்தா நானே எப்பவோ வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்." சிரிக்காமல் சொன்னார். "தம்பியைக் கூட்டிட்டு வாங்க."

காரியஸ்தர் போனதும் அம்மா தம்பி மகளைப் பார்த்தார். அவளே உடைந்து போனாள்.

"மாலை தொலைஞ்சா கல்யாணம் நின்னுடும்னு நினைச்சேன் அத்தை. எனக்குப் பார்த்திருக்கிற அந்தாளு குதிரையை அடிச்சதை என் கண்ணால பார்த்தேன். அது கீழ விழுந்தப்புறமும் அடிச்சான். அப்பாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ஆம்பளைங்களுக்குக் கோபம் வரும்னுட்டார்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எப்பவும் கடிகாரத்தோட இருந்தீங்க."

அம்மா முகம் வாடிவிட்டது. "அது என் தப்பு," என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இவ ஜெயிலுக்குப் போயிருப்பாளே, அதை நினைச்சியா?"

அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிரபு வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சரிக்கா. மேசைக்குப் பின்னால விழுந்து கிடந்துச்சுன்னு சொல்லிடலாம். விஷயம் முடிஞ்சுது."

"இவளைத் திருடின்னு சொன்னது எல்லார் முன்னாடியும். இல்லன்னு சொல்றதும் எல்லார் முன்னாடியும்தான் தம்பி."

"நம்ம பொண்ணு மானம்..."

"இவளுக்கும் அது இருக்கு."

"கல்யாணம்? நிச்சயம் பண்ணியாச்சே, ஊர் என்ன பேசும்?"

"ஊர் ரெண்டு மாசம் பேசும். உன் பொண்ணு ஐம்பது வருஷம் அவனோட இருக்கணும். மாலையை நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றேன். திட்டினா நான் வாங்கிக்கறேன்."

பிரபு அக்காவின் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை, அன்றும் தட்டவில்லை.

கூடத்தில் மறுபடி எல்லாரும் கூடினோம். சமையல்காரர் கரண்டியோடே வந்து நின்றார். பிரபுவின் மகள் முன்னால் வந்து, "மாலையை ஒளிச்சு வச்சது நான். இவங்க மேல பழி விழுந்தப்போ பேசாம இருந்ததும் நான்," என்றாள். அப்படி ஒரு பெண் அத்தனை பேர் முன்னால் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, வயிறு எரிந்துகொண்டிருந்தது. காரியஸ்தரும் தலையைக் குனிந்து, "அவசரப்பட்டுட்டேன்மா," என்றார்.

அம்மா அன்று சாயங்காலமே வண்டியில் கிளம்பினார். மாப்பிள்ளை வீட்டில் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம்; நின்றபடியே கல்யாணம் வேண்டாமென்று சொல்லி, மாலையை ஒப்படைத்துவிட்டு வந்தாராம். வண்டிக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதன்பின் பல மாதங்கள் பிரபுவின் மகளோடு நான் அளவாகத்தான் பேசினேன். அவள் தையலறைக்கு வருவாள், நூலைப் பிரித்துக் கொடுப்பாள், போய்விடுவாள். ஒரு மழைநாளில் அவளுக்கு ஓரத்தை நேராகத் தைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதுவரை "அவளை மன்னிச்சிடு" என்று அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை என் இஷ்டத்துக்கே விட்டிருந்தார்.