பாதியாக வெட்டிய ஈயம்

கவ்லிட்ஸ் ஆற்றங்கரையில் ஜனவரிக் குளிரில் பதினோரு பேர் நெருக்கியடித்து நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு, எழுதி வைத்தவன்தான் எவனும் இல்லை. ஓட்டத்தில் கீழே நிற்பவர் முதலில் வீச வேண்டும், அவருக்கு மேலே நிற்பவர் அடுத்து. தூண்டில் அமிழக் கட்டிய எல்லார் ஈயமும் ஒரே வேகத்தில் ஆற்றடிக் கற்களைத் தட்டித் தட்டி உருண்டு போக வேண்டும். ஒருவர் ஈயம் கனத்து நின்றுவிட்டால் மேலேயிருந்து வருகிற தூண்டில் நரம்பெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும்.

அன்று காலையில் மூன்று முறை சிக்கியாயிற்று. மூன்றும் வெர்னாவின் ஈயம்.

"ஏம்மா, ஈயம் கட்டியிருக்கியா, நங்கூரம் கட்டியிருக்கியா?" என்றார் அவளுக்கு மேலே நின்ற ஹாலிஸ். "இன்னொரு தடவ சிக்குச்சுன்னா அந்தக் கடைசிக்குப் போயி தனியா வீசிக்க, ஆமா!"

புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்துவிட்டது, ஈயம் நின்றதும் தெரிவதில்லை என்று வெர்னா சொல்லியிருக்கலாம். இருபது வருஷமாக நின்ற இடம். இன்று விட்டுப் போனால் மறுபடி வந்து நிற்கத் தைரியம் இருக்காது.

"அக்கா, கார்ல போயி ஒக்காரு. காபி சூடா இருக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற தங்கை டாரிஸ்.

"காபி குடிக்கவா நாலு மணிக்கு எந்திரிச்சு வந்தேன்? குறடை எடு. ஈயத்தப் பாதியா வெட்டு, அப்பத்தான் நிக்காம உருளும்."

"பாதியா? கனமா இருக்கும்போதே உனக்குத் தட்டுறது தெரியல!"

"வெட்டுடின்னா!"

டாரிஸ் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினாள். வெர்னா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கோலின் அடியை வெறும் முன்கையில் அழுத்திக்கொண்டாள். குளிர் எலும்பைக் கடித்தது. முதல் வீச்சில் ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் டொக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி டொக். அப்பாடா! ஈயம் கல்கல்லாகத் தாண்டிப் போவது கையில் ஏறி வந்தது.

பாதி வழியில் தட்டுவது நின்றது.

அவர்கள் பிடிக்க வந்த ஸ்டீல்ஹெட் மீன் வெடுக்கென்று இழுக்காது. இரையை வாயில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். கல்லிடுக்கும் அப்படித்தான் நிறுத்தும். வெர்னா கோலைச் சுண்டினாள். கோல் வளைந்து அப்படியே நின்றது.

"மறுபடியும் கல்லு!" என்றார் ஹாலிஸ்.

மீன் என்று ஒருவர் கத்தினால் வரிசை முழுவதும் நரம்பைச் சுற்றி எடுத்தாக வேண்டும். பொய்யாகக் கத்தியவரை ஆயுசுக்கும் கேலி செய்வார்கள்.

"மீன்!"

பத்துப் பேரும் முனகிக்கொண்டே சுற்றினார்கள். கோல் அசையவில்லை.

"நிச்சயமாத் தெரியுமாக்கா?" டாரிஸ் கிட்டே வந்து கேட்டாள்.

"தெரியும்டி."

நரம்பு மெல்ல நகர்ந்தது. ஓட்டத்தை எதிர்த்து, ஹாலிஸ் நின்ற பக்கமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏறியது.

ஹாலிஸ் அதைப் பார்த்தார். சட்டென்று கரையோடு ஒட்டி நின்றுகொண்டு கத்தினார்: "எந்தக் கல்லுய்யா ஆத்த எதிர்த்து ஏறும்? ஒதுங்குங்க எல்லாரும், வெர்னா வர்றா!"

வெர்னா வாய்விட்டு அழுதுகொண்டே, கோலை உயர்த்திப் பிடித்தபடி மீன் இழுத்த பக்கமாக, மேலே நின்ற எல்லாரையும் தாண்டி நடந்தாள்.